இரண்டு முறை எழுதப்பட்ட வரி

2014 பிப்ரவரி 21 அன்று ஆப்பிள் நிறுவனம் ஐபோன்களுக்கு ஒரு சிறிய அப்டேட்டை வெளியிட்டது. அதன் எண் ஐஓஎஸ் 7.0.6. புதிய வசதி எதுவும் அதில் இல்லை. பாதுகாப்புக் குறை ஒன்று சரிசெய்யப்பட்டிருக்கிறது என்று ஒரு குறிப்பு மட்டும் இருந்தது. குறையுள்ள நிரலை ஆப்பிளே யாரும் படிக்கும்படி இணையத்தில் வைத்திருந்ததால், பாதுகாப்பு வல்லுநர்கள் உடனே அதை அலசத் தொடங்கினார்கள். ஓரிரு நாளுக்குள் உலகம் முழுக்க நிரலாளர்கள் ஒரே ஒரு வரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வரி இருந்த இடம் இது. உங்கள் போன் வங்கியின் சர்வரோடு பேசத் தொடங்கும்போது, எதிர்முனையில் இருப்பது உண்மையிலேயே அந்த வங்கிதானா என்று போன் உறுதிசெய்துகொள்ள வேண்டும். சர்வர் சில விவரங்களில் டிஜிட்டல் கையெழுத்திட்டு அனுப்பும். போன் அந்த விவரங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரு கணக்குப் போட்டு, கடைசியில் கையெழுத்தைச் சரிபார்க்கும். நடுவில் எந்தப் படியில் பிழை வந்தாலும் மிச்சப் படிகளை விட்டுவிட்டு, ‘ஃபெயில்’ என்று பெயரிட்ட இறுதிப் பகுதிக்குத் தாவிவிட வேண்டும். சி மொழியில் எழுதப்பட்ட அந்தப் பகுதியைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

    சர்வர் அனுப்பிய எண்ணைச் சேர், பிழை வந்தால்
        ஃபெயிலுக்குப் போ
    கையெழுத்திட்ட விவரங்களைச் சேர், பிழை வந்தால்
        ஃபெயிலுக்குப் போ
        ஃபெயிலுக்குப் போ
    கணக்கை முடி, பிழை வந்தால்
        ஃபெயிலுக்குப் போ
    கையெழுத்தைச் சரிபார்

‘ஃபெயிலுக்குப் போ’ என்பது ஓரிடத்தில் இரண்டு முறை வருகிறது. சி மொழியில் அடைப்புக்குறி போடாவிட்டால், ‘பிழை வந்தால்’ என்ற நிபந்தனை அடுத்த ஒரு கட்டளையை மட்டுமே கட்டுப்படுத்தும். ஆகவே இரண்டாவது ‘போ’ எந்த நிபந்தனைக்கும் உட்படாதது. பிழை வந்தாலும் வராவிட்டாலும் அது தாவிவிடும். அதற்குக் கீழே உள்ள எதுவும், கையெழுத்தைச் சரிபார்க்கும் வரி உட்பட, ஒருபோதும் இயங்காது. அந்த நொடி வரை பிழை எதுவும் வந்திருக்காததால், இந்தப் பகுதி அடங்கிய ஃபங்ஷன் ‘எல்லாம் சரி’ என்ற பதிலோடு திரும்பும். ஒரே வைஃபையில் இருக்கும் ஒருவர் நடுவில் புகுந்து வங்கியாக நடித்தால்கூட, குறிப்பிட்ட சில வகை இணைப்புகளில் போன் அவரை நம்பிவிடும். மேக் கணினிகளிலும் இதே குறை இருந்தது. அவற்றுக்கான திருத்தம் நான்கு நாள் கழித்து வந்தது.

இரண்டு வரிகளும் ஒரே அளவு உள்தள்ளி இருந்ததால், நிபந்தனைக்குள் அடங்கியவை போலவே கண்ணுக்குத் தெரிந்தன. எனவே அப்போது நடந்த விவாதம் பெரும்பாலும் அடைப்புக்குறியைப் பற்றியே இருந்தது. அடைப்புக்குறி போடும் பழக்கம் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சம்பவத்தின் முக்கியமான பாடத்தைச் சொன்னவர், அதற்கு முன் கூகுளில் பணியாற்றிய மைக் பிளாண்ட் என்ற நிரலாளர் என்றே நினைக்கிறேன். அவர் அந்தக் கோப்பு முழுவதையும் படித்தார். ‘இதைச் சேர், அதைச் சேர், முடி’ என்ற இந்தக் கட்டு அதே கோப்பில் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார். ஒரே வேலை, சின்னச் சின்ன மாற்றங்களோடு பல நகல்கள். அவற்றில் ஒன்றில்தான் ஒரு வரி கூடிப்போயிருந்தது. அந்தக் கட்டை அவர் தனி ஃபங்ஷனாகப் பிரித்தெடுத்து, நகல்கள் இருந்த இடங்களில் அந்த ஃபங்ஷனை அழைக்கச் செய்து, அதற்கு ஒரு டெஸ்ட்டும் எழுதிக் காட்டினார்.

இதனால் என்ன மாறுகிறது என்று நிதானமாகப் பார்ப்போம். பல நகல்கள் இருக்கும்போது, ஒரு நகலில் உள்ள தவறு மற்ற நகல்களைப் பாதிக்காது. கேட்பதற்கு நல்லதுபோல் தோன்றும், ஆனால் ஆபத்தே அதில்தான் இருக்கிறது. மற்ற நகல்கள் ஒழுங்காக வேலை செய்வதால், கெட்டுப்போன நகல் வெளியே தெரியாமல் மறைந்துகொள்கிறது. படிப்பவரின் கண்ணும் முதல் நகலைக் கவனமாகப் படித்துவிட்டு, அடுத்ததை ‘இதுவும் அதேதான்’ என்று தாண்டிப் போகிறது. ஒரே ஃபங்ஷனாக இருந்திருந்தால் அந்தக் கூடுதல் வரி எல்லா இணைப்புகளையும் ஒருசேரக் கெடுத்திருக்கும். டெவலப்பர் முதல் முறை இயக்கிப் பார்க்கும்போதே சிக்கியிருக்கவும் கூடும். சிக்காவிட்டாலும், டெஸ்ட் எழுத வேண்டிய இடம் ஒன்றே ஒன்றாக இருந்திருக்கும்.

நகலெடுப்பதன் தீங்கு கணினி பிறந்த காலத்திலேயே தெரிந்துவிட்டது. 1940களில் ஹார்வர்டின் மார்க் 1 இயந்திரத்தில் வேலை செய்த கிரேஸ் ஹாப்பரும் அவருடைய சகாக்களும், நன்றாக ஓடிய நிரல் துண்டுகளை நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்துக்கொண்டார்கள். தேவைப்படும்போது ஒருவர் நோட்டிலிருந்து இன்னொருவர் பார்த்து எழுதுவார். புதிய நிரலில் அந்தத் துண்டு உட்காரும் இடத்துக்கேற்ப முகவரி எண்களைக் கூட்டி மாற்றவும் வேண்டும். பார்த்து எழுதுவதிலும் தவறு நேர்ந்தது, கூட்டுவதிலும் தவறு நேர்ந்தது. இந்த இரண்டையும் மனிதரிடமிருந்து பிடுங்கி இயந்திரத்திடம் கொடுக்க வேண்டும் என்ற எண்ணமே, 1952இல் அவர் உருவாக்கிய ஏ-0 என்ற கம்பைலருக்கு வித்தானது.

அதே காலத்தில் கேம்பிரிட்ஜில் இன்னொரு வழி பிறந்தது. 1949 மே 6 அன்று ஓடத் தொடங்கிய எட்சாக் கணினிக்காக டேவிட் வீலர் என்ற ஆராய்ச்சி மாணவர், ஒரு நிரல் துண்டை ஒரு முறை மட்டும் எழுதி எங்கிருந்து வேண்டுமானாலும் அழைத்துவிட்டு, அழைத்த இடத்துக்கே திரும்பி வரும் உத்தியைக் கண்டுபிடித்தார். திரும்பி வருவதற்கென்று எட்சாக்கில் தனிக் கட்டளை கிடையாது. ஆகவே அழைப்பவர் தன் முகவரியைக் கணினியின் கூட்டுப் பதிவகத்தில் விட்டுவிட்டுப் போவார். அழைக்கப்பட்ட துண்டு, அதாவது துணைநிரல், அதை எடுத்து, தன் கடைசிக் கட்டளையைத் தானே திருத்தி எழுதிக்கொள்ளும். இன்று நாம் ஃபங்ஷன் என்று சாதாரணமாக எழுதுவதன் மூதாதை அதுதான். துளையிட்ட காகித நாடாக்களில் இருந்த துணைநிரல்கள் ஓர் அலமாரியில் வகை பிரித்து அடுக்கி வைக்கப்பட்டன. மோரிஸ் வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் மூவரும் 1951இல் வெளியிட்ட புத்தகம் அந்த நூலகத்தைச் சுற்றி எழுதப்பட்டதே. நிரலாக்கத்துக்கென வந்த முதல் பாடநூல், நகலெடுக்காமல் இருப்பது எப்படி என்பதையே பேசியது!

இதையெல்லாம் கற்றுத் தேர்ந்து எழுபது ஆண்டுக்கு மேல் ஆன பிறகும் ஏன் நகல்கள் பெருகுகின்றன? காப்பி-பேஸ்ட் செய்வது அந்த நிமிடத்துக்கு மிகவும் மலிவானது. அதன் விலையைக் கட்டுவது வேறொருவர், வேறொரு நாளில். ஒரு கடையின் போன் நம்பர் பெயர்ப்பலகையில், பில் புத்தகத்தில், மஞ்சப்பையில், தினசரிக் காலண்டரில் எல்லாம் அச்சாகியிருக்கிறது. நம்பர் மாறாத வரை இதில் ஒரு தொந்தரவும் இல்லை. மாறிய அன்றைக்குத்தான் எத்தனை இடத்தில் அச்சடித்தோம் என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

மென்பொருளில் அப்படியொரு நாள் நம் எல்லோருக்கும் அண்மையில் வந்தது. 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. ஏசி, பெரிய டிவி போன்றவை 28 சதவீதத்திலிருந்து 18க்கு இறங்கின. நாட்டில் உள்ள ஒவ்வொரு பில்லிங் மென்பொருளையும் தொட வேண்டிய மாற்றம் அது. விகிதங்களை ஒரே அட்டவணையில் வைத்திருந்த மென்பொருளில் அது சில நிமிட வேலை. விகிதத்தை நிரலுக்குள் ஆங்காங்கே எழுதி வைத்திருந்த ஒரு மென்பொருளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 28 என்று தேடினால் கிடைத்துவிடுமே என்று தோன்றும். பில் திரையில் 28 என்று இருக்கும். விலைப்பட்டியல் திரையில் யாரோ 1.28ஆல் பெருக்கியிருப்பார். மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையில் மத்திய, மாநிலப் பங்குகளைத் தனித்தனியாக அச்சிட வேண்டும் என்பதால், ரசீது அச்சிடும் பகுதியில் 14, 14 என்று இரண்டாக உடைந்திருக்கும். ‘ஜிஎஸ்டி உட்பட’ என்ற விலையிலிருந்து வரி சேராத விலையைப் பிரிக்கும் இடத்தில் 100ஐ 128ஆல் வகுத்திருப்பார்கள். ஒரே உண்மை நான்கு வேஷத்தில் இருக்கிறது, தேடலில் எல்லாமே சிக்குவதில்லை. போதாக்குறைக்கு, பிப்ரவரிக்கு எத்தனை நாள் என்று சொல்லும் வரியிலும் அதே 28 உட்கார்ந்திருக்கும். அவசரத்தில் எல்லா 28ஐயும் 18 ஆக்கிவிட்டால் பிப்ரவரியில் பத்து நாள் காணாமல் போகும்.

நகல் என்பதன் சரியான பொருள் இந்த இடத்தில் புலப்படுகிறது. ஆண்ட்ரூ ஹன்ட், டேவிட் தாமஸ் இருவரும் 1999இல் எழுதிய ‘தி ப்ராக்மாட்டிக் புரோகிராமர்’ என்ற நூலில் ‘திரும்ப எழுதாதே’ என்ற கொள்கைக்குப் பெயர் சூட்டினார்கள். டிரை என்ற சுருக்கப் பெயரில் அதைக் கேள்விப்படாத நிரலாளர் இன்று அரிது. அவர்கள் சொன்னது, ஒவ்வோர் அறிவுத் துண்டும் அமைப்பில் ஒரே இடத்தில், ஐயத்துக்கு இடமின்றி இருக்க வேண்டும் என்பது. எழுத்துகள் ஒத்திருக்கின்றனவா என்பது அதில் முக்கியமே இல்லை. 1.28, 14, 128 ஆகியவை பார்வைக்கு வேறுவேறாக இருந்தும் ஒன்றின் நகல்கள். ஏசியின் 28உம் பிப்ரவரியின் 28உம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. இரண்டு இடங்களைப் பார்த்து ‘இது நகலா’ என்று ஐயம் வந்தால், நான் கேட்டுப் பார்க்கும் கேள்வி இதுதான்: ஒன்று மாறும்போது மற்றதும் கட்டாயம் மாற வேண்டுமா? ஆம் என்றால் நகல்.

ஒரே இடத்துக்குக் கொண்டுவர முயலும்போது, நமக்கே தெரியாத அறிவு வெளிவருவதும் உண்டு. செப்டம்பர் 10 அன்று விற்ற ஏசியை வாடிக்கையாளர் 25ஆம் தேதி திருப்பித் தருகிறார். அவருக்கான கணக்கை விற்ற அன்றைய 28 சதவீதத்தில்தான் திருப்ப வேண்டும். அப்படியென்றால் ‘ஏசியின் விகிதம் என்ன’ என்ற கேள்வியே அரைகுறையானது. ‘இந்தப் பொருளுக்கு இந்தத் தேதியில் விகிதம் என்ன’ என்பதுதான் முழுக் கேள்வி. பொருளையும் தேதியையும் கொடுத்தால் விகிதத்தைத் தரும் ஒரு ஃபங்ஷனை எழுதிவிட்டால், பில்லும் ரசீதும் ரிட்டர்னும் அதையே கேட்டுக்கொள்ளும்.

நகலுக்கு அடுத்தபடியாகப் பராமரிப்பைக் கெடுப்பது சிக்கல். அதையும் எண்ணால் அளக்க முடியும் என்று காட்டியவர் தாமஸ் மெக்கேப். 1976 டிசம்பரில் வெளியான கட்டுரையில் அவர் ஒரு நிரலை வரைபடமாகப் பார்த்தார். ஒவ்வொரு ‘இப்படியானால்’, ஒவ்வொரு சுழற்சி, ஒவ்வொரு கிளையும் பாதையை இரண்டாகப் பிரிக்கும். பிரியும் இடங்களை எண்ணி ஒன்றைக் கூட்டினால் வருவது அந்த ஃபங்ஷனின் சிக்கல் எண். கிளையே இல்லாமல் நேராக ஓடும் நிரலுக்கு 1. பத்துக்கு மேல் போனால் பிரித்து எழுதுவது நல்லது என்பது அவர் யோசனை. பத்து என்பதில் மந்திரம் ஒன்றும் இல்லை என்பதையும் அவரே சொல்லிவிட்டார்.

அந்த எண் காட்டுவதைவிட நிலைமை மோசமாகவும் இருக்கலாம். ஒன்றன்பின் ஒன்றாகப் பத்து நிபந்தனைகள் வரும் ஒரு ஃபங்ஷனின் மெக்கேப் எண் 11தான். ஆனால் ஒவ்வொரு நிபந்தனையும் ஆம், இல்லை என்று பிரிவதால், உள்ளே நுழைந்து வெளியேறும் முழுப் பாதைகள் 1,024 வரை போகும். இதை எந்த மனிதரும் மனதில் வைத்துக்கொள்ள முடியாது. படிப்பவர் சில பாதைகளை நடந்து பார்த்துவிட்டு மற்றவற்றை நம்பிவிடுவார். அதே பத்து நிபந்தனைகளை, ஒன்றையொன்று தொடாத ஐந்து சிறு ஃபங்ஷன்களாக, ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டாகப் பிரித்தால், ஒவ்வொன்றிலும் பார்க்க வேண்டியவை நான்கே பாதைகள். ஐந்துக்கும் சேர்த்து 20. பிரிவு ஒழுங்காக அமைந்திருந்தால், அதாவது ஒரு ஃபங்ஷனைப் படிக்க மற்றொன்றின் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்கத் தேவையில்லை என்றால் மட்டுமே இந்தக் கணக்கு செல்லும். ஐந்தும் ஒரே பொது மாறியை ஆளுக்கொரு பக்கம் திருத்திக்கொண்டிருந்தால் 1,024 அப்படியே இருக்கும், படிப்பவருக்கு ஐந்து இடங்களுக்கு அலையும் வேலை கூடுதல்.

நகலை ஒழிப்பது, சிக்கலைக் குறைப்பது என்ற இந்த இரண்டு மருந்துகளும் சில நேரம் ஒன்றோடொன்று மோதும். நான் படித்த நிரல்களில் மிகவும் களைப்பூட்டியவை, நகலை ஒழிக்கும் ஆர்வத்தில் சிக்கலாக்கப்பட்டவைதான். சில்லறை பில்லும் மொத்த வியாபார பில்லும் முக்கால்வாசி ஒன்றுபோல இருக்கின்றன என்று யாரோ ஒரே ஃபங்ஷனாகச் சேர்ப்பார். வேறுபாட்டுக்காக ‘மொத்தமா?’ என்று, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும் ஒரு கொடி. அடுத்த மாதம் ‘ஏற்றுமதியா?’. பிறகு ‘ரிட்டர்னா?’, ‘தள்ளுபடி உண்டா?’, ‘பழைய வாடிக்கையாளரா?’. ஐந்து கொடிகள் என்றால் 32 சேர்க்கைகள். அவற்றில் பாதி நடைமுறையில் வரவே வராது, எந்தப் பாதி என்று யாருக்கும் தெரியாது. தவறான பொதுமைப்படுத்தலைவிட நகல் எவ்வளவோ மலிவு என்று சாண்டி மெட்ஸ் என்ற நிரலாளர் வலியுறுத்தியது இதனால்தான். அவர் சொல்லும் வைத்தியமும் துணிச்சலானது: அந்தப் பொது ஃபங்ஷனைக் கலைத்து, அழைத்த ஒவ்வோர் இடத்திலும் திரும்ப நகலாகவே வைத்துவிடுங்கள், அந்தந்த இடத்துக்குத் தேவையில்லாததை வெட்டுங்கள், உண்மையில் பொதுவானது எது என்று அதன் பிறகு பாருங்கள். மார்ட்டின் ஃபவ்லர் தம் ‘ரீஃபாக்டரிங்’ நூலில் டான் ராபர்ட்ஸ் பெயரில் ஒரு நடைமுறை விதி தருகிறார். முதல் முறை எழுதிவிடுங்கள், இரண்டாம் முறை முகம் சுளித்துக்கொண்டே நகலெடுங்கள், மூன்றாம் முறை பிரித்தெடுங்கள். இரண்டு உதாரணங்களை மட்டும் வைத்துக்கொண்டு பொதுவானது எது, தற்செயலாக ஒத்துப்போனது எது என்று பிரிப்பது கடினம். மூன்றாவது வரும்போது வடிவம் தெளிந்துவிடுகிறது.

யாரும் பயன்படுத்தாத நிரலை அப்படியே விட்டுவைப்பதும் சிக்கல்தான். அதற்கு 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் கொடுத்த விலை பெரியது. ‘பவர் பெக்’ என்ற ஒரு வசதியை அந்த நிறுவனம் 2003இலேயே பயன்படுத்துவதை நிறுத்திவிட்டது, ஆனால் நிரலிலிருந்து நீக்கவில்லை. ஓர் ஆர்டர் நிறைவேறிவிட்டதா என்று எண்ணிக்கொண்டிருக்கும் பகுதியை 2005இல் வேறிடத்துக்கு நகர்த்தினார்கள். பவர் பெக் யாருக்கும் வேண்டாததாக இருந்ததால், இந்த மாற்றத்துக்குப் பிறகு அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கவில்லை. 2012இல் புதிய வசதி ஒன்றுக்காக, பவர் பெக்கை இயக்கிவந்த அதே பழைய கொடியை மறுபடி பயன்படுத்தினார்கள். புதிய நிரலை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டும். ஒன்று விட்டுப்போனது. அந்த எட்டாவது சர்வரில் கொடி ஏறியதும் ஒன்பது ஆண்டு உறங்கிய நிரல் விழித்துக்கொண்டது. எண்ணும் பகுதி அதற்கு எட்டாததால், ஆர்டர் முடிந்தது தெரியாமல் மேலும் மேலும் வாங்கி விற்றது. பதறிப்போன ஊழியர்கள் புதிய நிரலில்தான் கோளாறு என்று எண்ணி, சரியாக ஓடிக்கொண்டிருந்த மற்ற ஏழு சர்வர்களிலிருந்தும் அதை நீக்கினார்கள். அங்கெல்லாம் பவர் பெக் எழுந்தது. ஏறக்குறைய 45 நிமிடங்களில் 154 நிறுவனப் பங்குகளில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்தன. அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் கணக்குப்படி இழப்பு 46 கோடி டாலருக்கு மேல். மறு ஆண்டே நைட் இன்னொரு நிறுவனத்தோடு இணைந்தது.

2003இல் பவர் பெக்கை அழித்திருந்தால் மிஞ்சிப் போனால் ஒரு நாள் வேலையாக இருந்திருக்கும். ஆனால் நிரலை அழிப்பதற்கு அலுவலகங்களில் யாரும் பாராட்டு பெறுவதில்லை. 1980களின் தொடக்கத்தில் ஆப்பிளின் லிசா கணினித் திட்டத்தில், நிரலாளர்கள் வாரந்தோறும் எத்தனை வரி எழுதினார்கள் என்று படிவம் நிரப்பித் தர வேண்டியிருந்தது. திரையில் வடிவங்களை வரையும் நிரலைப் பில் அட்கின்சன் அந்த வாரம்தான் எளிமையாக்கியிருந்தார். வேகம் பல மடங்கு கூடியது, இரண்டாயிரம் வரிகள் தேவையற்றுப் போயின. அவர் படிவத்தில் மைனஸ் 2000 என்று நிரப்பினார். சில வாரங்களில் நிர்வாகம் அவரிடம் படிவம் கேட்பதை நிறுத்திவிட்டது.

பழைய நிரலில் கை வைக்கப் பயப்படுவது கோழைத்தனம் ஆகாது. அது என்ன செய்கிறது என்று தெரியாதபோது பயம் நியாயமானதுதான். மைக்கேல் ஃபெதர்ஸ் 2004இல் வெளியிட்ட நூலில் இதற்கொரு வழி சொன்னார். நிரல் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒதுக்கிவையுங்கள். இப்போது என்ன செய்கிறது என்பதை டெஸ்ட்டுகளாகப் பதிவு செய்யுங்கள், அதன் தவறுகள் உட்பட. நமது பில்லிங் மென்பொருளில் என்றால், பழைய பில்களில் சில நூறை எடுத்து உள்ளீட்டையும் விடையையும் சேமித்துவிடலாம். பிறகு ரசீதில் இருக்கும் 14ஐ எடுத்துவிட்டு விகித ஃபங்ஷனை அழைக்கச் செய்து, சேமித்த பில்கள் பைசா மாறாமல் வருகின்றனவா என்று பார்க்கலாம். வந்தால் அடுத்து 1.28. பைசா மாறினால், ஓரிடத்தில் முழு ரூபாயாகவும் இன்னோரிடத்தில் பைசாவாகவும் ரவுண்ட் செய்திருக்கிறார்கள் என்பதுபோல ஏதோ ஒன்று வெளிப்படும். எது சரி என்று கணக்காளரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். ஒரு முறைக்கு ஒரு மாற்றம், ஒவ்வொன்றுக்கும் பிறகு டெஸ்ட். நிரலைச் சீராக்குவதையும் புதிய வசதி சேர்ப்பதையும் ஒரே நேரத்தில் செய்யக் கூடாது. செய்தால், விடை மாறும்போது எதனால் மாறியது என்று சொல்ல முடியாது.

எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு என் பதில், நிரலின் ஒவ்வொரு திருத்தத்தையும் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளின் வரலாற்றைப் பாருங்கள் என்பது. கடந்த ஓராண்டில் எந்தக் கோப்பு அதிக முறை திருத்தப்பட்டது, எந்த இரண்டு கோப்புகள் எப்போதும் சேர்ந்தே திருத்தப்படுகின்றன என்று அது சொல்லிவிடும். சேர்ந்தே மாறும் கோப்புகளுக்கு நடுவில் பெரும்பாலும் ஒரு நகல் ஒளிந்திருக்கும். மாறாக, பத்தாண்டாக யாரும் தொடாத, ஆனால் தினமும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கோப்பு எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் அதை இப்போதைக்கு விட்டுவிடலாம். அதில் ஒரு மாற்றம் தேவைப்படும் நாளில் முதலில் டெஸ்ட்டை எழுதிக்கொண்டு உள்ளே போகலாம்.